பானை வயிறும் வாலோரத்து அரிசியும்

கால்நடைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மழைக்காலம் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூனையின் வயிற்றைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் குடற்புழுதான்.

கேள்வி: வைக்கோல் படப்புக்கு அடியில் எங்கள் பூனை நாலு குட்டி போட்டது. இரண்டு மாதம் ஆகிறது. ஒரு குட்டிக்கு மட்டும் வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் குத்துகிறது. நேற்று சேமியா மாதிரி ஒரு புழுவை வாந்தி எடுத்தது, நெளிந்துகொண்டிருந்தது. தாய்ப்பாலோடு கொஞ்சம் மீன்சோறு தின்கிற குட்டிக்கு இவ்வளவு பெரிய புழு எங்கிருந்து வந்தது?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: பாலில் இருந்துதான். நீங்கள் பார்த்தது உருண்டைப்புழு. நன்கு வளர்ந்தால் 10 சென்டிமீட்டர் வரை நீளும். தாய்ப்பூனைக்கு நிறைசினையிலோ பால் கொடுக்கும் நாட்களிலோ புதிதாகத் தொற்று ஏற்பட்டால், புழுவின் இளம்பருவம் மடிக்குப் போய்ப் பாலோடு குட்டிக்குள் இறங்கிவிடும். நாய்க்குட்டிக்குக் கருப்பையிலேயே தொற்றிவிடுவதுபோலப் பூனையில் நடப்பதில்லை. பூனைக்குட்டி புழுவில்லாமல்தான் பிறக்கிறது. முதல் சில வாரங்களில்தான் வாங்கிக்கொள்கிறது.

பால் வழியாக வந்த புழு நேராகக் குடலிலேயே தங்கி வளரும். மண்ணிலிருந்து முட்டையை நக்கி விழுங்கிய குட்டியில் கதை வேறு. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு குடல் சுவரைத் துளைத்துக் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறி, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு வந்து, திரும்ப விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். அந்தப் பயணத்தின்போது குட்டி இருமும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்து, அது தானாக நின்றதும் மருந்து கேட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் புழு இடம் மாறியிருக்கும்.

வயிறு உப்புவதற்குப் புழுக்கூட்டம் மட்டும் காரணம் இல்லை. குட்டியின் குடல் புழுவை வெளியே தள்ளப் பார்க்கிறது. சளியை அதிகமாகச் சுரக்கிறது, நீரை இறைக்கிறது, தசையை வேகமாகச் சுருக்குகிறது. இந்தப் போராட்டத்தில் குடலின் உள்சுவரில் இருக்கும் விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்து குட்டையாகிவிடும். தின்றது சரியாக உறிஞ்சப்படாமல் கீழே போய்ப் புளிக்கும், வாயு கூடும். புரதம் ரத்தத்தில் சேருவதற்குப் பதிலாகக் கழிச்சலோடு போய்விடும். வயிற்றுத் தசை மெலியும். உள்ளே வாயுவும் புழுவும் தள்ள, வெளியே தாங்கிப் பிடிக்கத் தசை இல்லை. அதனால்தான் பானை வயிறும் கத்தி முதுகும் ஒரே குட்டியில் சேர்ந்து தெரிகின்றன. அது தின்று கொழுத்த வயிறு என்று எண்ணி இன்னும் பால் ஊற்றுபவர்கள் உண்டு. பசும்பால் கழிச்சலைக் கூட்டும், வேண்டாம்.

இனி மருந்து. உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரன்டெல் நல்ல மருந்து. பூனைக்குக் கிலோ எடைக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம். கண்மதிப்பு கூடாது, மளிகைக்கடைத் தராசில் குட்டியை ஒரு டப்பாவில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். 600 கிராம் குட்டிக்கு 12 மில்லிகிராம். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள திரவமானால் 0.24 மில்லி, அதாவது ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும். ஆகவே லேபிளைப் படித்துவிட்டு, அளவை ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் சொல்லிச் சரிபார்த்த பிறகே கொடுங்கள். நன்றாகக் குலுக்கி, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாக விட வேண்டும். அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்த மருந்து புழுவைக் கொல்வதில்லை, வாதம் வந்ததுபோல மரத்துப்போகச் செய்கிறது. பிடி விட்ட புழு மலத்தோடு வந்துவிடும். அடுத்த இரண்டு நாள் நெளிகிற புழு வெளியே வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே பொருள். ஆனால் குடலுக்கு வெளியே, திசுக்களில் இருக்கும் இளம்புழுவை அது தொடாது. ஒரு தடவை கொடுத்துவிட்டுப் "போன மாதம்தானே கொடுத்தேன், மருந்து போலி" என்று குறைசொல்வது இதனால்தான். இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொடுங்கள். குட்டிக்கு 3 வார வயதில் தொடங்கி, 2 வாரத்துக்கு ஒரு முறையாகப் பால் மறந்து 2 வாரம் ஆகும்வரை கொடுப்பதும், பிறகு 6 மாதம்வரை மாதம் ஒரு தடவை கொடுப்பதும் சரியான முறை. தாய்ப்பூனைக்கும் அதே நாளில் கொடுக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மற்ற மூன்று குட்டிகள் கொழுகொழு என்று இருந்தாலும் அவற்றுக்கும் சேர்த்துத்தான்.

குட்டி விடாமல் வாந்தி எடுத்து, வயிறு கல்போல் இறுகி, மலமும் போகாமல் இருந்தால் வீட்டில் மருந்து கொடுக்க வேண்டாம். புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அது மருத்துவமனையில் பார்க்க வேண்டியது.

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு 4 வயது. பிசான அறுப்பு முடிந்தால் வயலிலேயே கிடந்து எலி பிடிக்கும். ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. வேறு காரணத்துக்காக ரத்தமும் மலமும் சோதித்தபோது, ஈசினோபில் கூடுதல் என்றும் மலத்தில் புழுமுட்டை இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிற பூனைக்கு எதற்கு மருந்து?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் பூனை புழுவை வெல்லவில்லை, அதோடு ஒத்துப்போய் வாழ்கிறது. கிருமி வந்தால் வெள்ளணு விழுங்கிவிடும். 10 சென்டிமீட்டர் புழுவை எந்த அணுவாலும் விழுங்க முடியாது. அதற்கு உடம்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. குடலின் உள்தோலில் ஆங்காங்கே குச்சம் வைத்தாற்போன்ற சில செல்கள் உண்டு. புழு வந்ததை மோப்பம் பிடிப்பவை இவைதான் என்று 2016-இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. இவை குரல் கொடுத்ததும் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன, குடல் தசை இறுகித் தள்ளுகிறது, உள்தோல் வழக்கத்தைவிட வேகமாக உரிந்து புதிதாகிறது. ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. திசுக்களில் ஊர்கிற இளம்புழுவைச் சூழ்ந்து நச்சுப் புரதங்களைக் கொட்டுவது அவற்றின் வேலை. உங்கள் தாளில் இருக்கும் கூடுதல் எண் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமை, ஆஸ்துமா இவற்றிலும் ஈசினோபில் ஏறும். புழுமுட்டையும் சேர்ந்து தெரிந்ததால்தான் இங்கே புழு என்று துணிந்து சொல்ல முடிகிறது.

வளர்ந்த பூனையில் இந்தப் படை நன்றாக வேலை செய்து புழுவின் எண்ணிக்கையை அடக்கி வைக்கிறது. முற்றிலும் துரத்துவதில்லை. வளர்ந்த நாயைவிட வளர்ந்த பூனையின் குடலில் உருண்டைப்புழு எளிதாக முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். எலி வேறு இருக்கிறது. மண்ணிலிருந்து முட்டையைத் தின்ற எலியின் தசையிலும் ஈரலிலும் இளம்புழு காத்திருக்கும். அந்த எலியைப் பூனை தின்றால் நுரையீரல் பயணம்கூடத் தேவையில்லை, குடலிலேயே வளர்ந்துவிடும். எலியின் ஈரலில் வெள்ளை முடிச்சாகக் கிடக்கும் இன்னொரு புழு, பூனைக்குள் போனதும் நாடாப்புழு ஆகும். அறுப்புக் காலத்தில் தினம் எலி தின்கிற பூனைக்குத் தினம் புதுத் தொற்று என்றுதான் கணக்கு.

மருந்து எதற்கு என்றால், பாதிப் பங்கு பூனைக்காக, மீதிப் பங்கு உங்கள் வளவுப் பிள்ளைகளுக்காக. பூனை போடும் முட்டை அன்றே தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் பக்குவப்பட வேண்டும். பக்குவப்பட்ட பின் வருடக்கணக்கில் கிடக்கும். பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் அதன் ஓட்டைத் தொடாது. கொதிக்கிற நீர் கொல்லும். மண்ணில் விளையாடிய கையோடு தின்கிற குழந்தையின் உடலுக்குள் போனால் ஈரல், நுரையீரல், அரிதாகக் கண்வரை அந்த இளம்புழு அலையும். ஆகவே வெளியே சுற்றும் பூனைக்கு வருடத்துக்கு 4 முறையாவது, உருண்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுங்கள். எலிக்காக வளர்க்கும் பூனையை எலி பிடிக்காதே என்று கட்டி வைக்கவா முடியும்?

கேள்வி: குட்டிக்கு 3 மாதம். மழைக்குப் பிறகு சோர்ந்து கிடக்கிறது. ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, மலம் தார் மாதிரி கறுப்பு. பூச்சி என்று சொல்லி இரண்டு நாளாகப் பூண்டுச்சாறு கொடுக்கிறோம். இன்னும் மோசமாகத்தான் போகிறது.
— வாசகி, உவரி

பதில்: பூண்டை இப்போதே நிறுத்துங்கள். இந்தப் பதிலில் முக்கியமான வரி இதுதான்.

கறுப்பு மலமும் வெளுத்த ஈறும் சேர்ந்தால் கொக்கிப்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள புழு. குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். இடம் மாறி மாறிக் கவ்வுவதால், விட்டுப்போன பழைய காயமும் கசிந்துகொண்டே இருக்கும். சிறுகுடலில் கசிந்த ரத்தம் செரித்துக் கீழே வருவதால் கறுப்பு. நனைந்த மணலும் நிழலும் இதற்குப் பிடித்த இடம். உங்கள் பக்கத்து மணல் கோடையில் காய்ந்து சுடும்போது புழு பிழைக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து கிடக்கும்போது, மலத்தில் விழுந்த முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிவிடும். பூனையின் பாதத் தோல் வழியாகவும் நுழையும், நக்கும்போது வாய் வழியாகவும் போகும். வெறுங்காலோடு நடக்கிற மனிதர் தோலுக்குள்ளும் சிலவகை நுழைந்து, அரிக்கும் சிவப்புக் கோடாக நெளிந்து நெளிந்து நகரும்.

இதில் பூண்டு என்ன செய்கிறது? பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் ரத்தச் சிவப்பணுவைத் தாக்கும். அப்படித் தாக்குவதற்கு இடமாக, மனித ஹீமோகுளோபினில் 2 கந்தக முனைகள் என்றால் பூனையில் 8. அதனால் நமக்கு ரசத்தில் சுவையாக இருப்பது பூனையின் சிவப்பணுவை உடைக்கிறது. ஒரு பக்கம் புழு குடிக்கிறது, மறுபக்கம் நாம் உடைக்கிறோம்.

ரத்தம் குறையும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. எலும்பு மஜ்ஜை இளம் சிவப்பணுக்களை அவசரமாக அனுப்பும். அது ரத்தத்தில் தெரிய நாலைந்து நாள் பிடிக்கும், இரும்புச்சத்தும் வேண்டும். பால்குடிக் குட்டியிடம் இரும்பு இருப்பு சொற்பம். பூனை இன்னொன்றும் செய்யும்: அசைவைக் குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் படுத்துவிடும். மெல்ல மெல்லக் குறையும் ரத்தத்தை இப்படிச் சமாளித்துக்கொண்டே வந்து, நாம் கவனிக்கும்போது விளிம்பில் நிற்கும். தூங்கும் குட்டியின் மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். உங்கள் குட்டியை எண்ணிப் பார்க்காமலே கொண்டுபோகலாம். கையில் இறுக்கிப் பிடித்து மருந்தைத் திணிப்பதுகூட அதற்கு இப்போது ஆபத்து.

மருத்துவர் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை அளப்பார். வளர்ந்த பூனையில் 30 முதல் 45 சதவீதம் இருக்கும். குட்டியில் கொஞ்சம் குறைவு. 15-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். பூனையில் முதல் தடவையே ரத்தவகை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பி வகைப் பூனையின் உடலில் ஏ வகைக்கு எதிரான பொருள் இயற்கையாகவே உண்டு. தப்பாக ஏற்றினால் உயிர் போய்விடும். அதனால் ஊரில் இருக்கும் கால்நடை மருந்தகத்தில் முதலுதவி பார்த்துவிட்டு, ரத்தம் தேவை என்றார்களானால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பூனை படுத்து எழுந்த பாயில் அரிசி மாதிரி கிடக்கிறது. வாலுக்குக் கீழேயும் ஒட்டியிருக்கிறது. பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று. போவதும் வருவதுமாக இருக்கிறது.
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: அவை நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கண்ணிகள். புதிதாக விழுந்தவை மெதுவாக நகரும், காய்ந்தால் எள்ளுப் போலச் சுருங்கும். நீங்கள் கொடுத்தது பைரன்டெல் மட்டும் என்றால் நாடாப்புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. பிராசிக்வான்டெல் சேர்ந்த மருந்து வேண்டும், கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில். இந்த மருந்தில் புழு குடலுக்குள்ளேயே செரித்துப்போவதால் மலத்தில் பார்க்கக் கிடைக்காது. ஒன்றும் வரவில்லையே என்று திரும்பக் கொடுத்துவிடாதீர்கள்.

சரியான மருந்து கொடுத்தும் மூன்று வாரத்தில் அரிசி திரும்ப வந்தால், குற்றவாளி தெள்ளுப்பூச்சி. பாயில் உதிர்ந்த முட்டையைத் தெள்ளின் புழுப்பருவம் தின்கிறது. வளர்ந்த தெள்ளு பூனை மேல் ஏறுகிறது. கடிக்கிற இடத்தைப் பூனை நக்கும்போது தெள்ளும் உள்ளே போகிறது. நாடாப்புழுவுக்குப் பூனையின் உடம்பு பெரிதாக எதிர்ப்புக் காட்டுவதும் இல்லை. கழிச்சல் இல்லை, மெலிவு இல்லை. அதிகம் போனால் பின்புறத்தைத் தரையில் தேய்க்கும்.

பூனை மேல் நீங்கள் பார்க்கும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். மீதி முட்டையாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சாக்கிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. பூனை படுக்கும் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். இடுக்குகளைப் பெருக்கிய குப்பையை மூடிக் கட்டி எறியுங்கள். பூனைக்கென்று விற்கும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், தோலில் படும்படி விடுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் வீடு சுத்தமாகும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை நடுங்கி, வலிப்பு வந்து சாகும்.

கேள்வி: இரண்டரை மாதக் குட்டிக்குச் சளியும் நீருமாகக் கழிச்சல். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதி மூடியிருக்கிறது. புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. மலச் சோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
— வாசகி, வள்ளியூர்

பதில்: கண்ணில் நோய் இல்லை. அது பூனைக்கு உள்ள மூன்றாவது இமை. கழிச்சலில் நீர் வற்றினாலும், குடல் தொற்று சில நாள் நீடித்தாலும் அது மேலேறி நிற்கும். குடல் சரியானதும் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

இந்த வயதில் சளிக் கழிச்சல் என்றால் புழுவைவிட ஒரணு உயிரிகள்மேல்தான் சந்தேகம்: காக்சிடியா, ஜியார்டியா. குடற்புழு மருந்து காக்சிடியாவுக்கு வேலை செய்யாது. சல்ஃபா வகையோ டோல்ட்ராசுரிலோ மருத்துவர் எழுதித் தருவார். ஜியார்டியாவுக்கு ஃபென்பென்டசோல் 5 நாள் தொடர்ந்து கொடுப்பது வழக்கம். இவை குடல் தோலின் செல்களிலேயே குடியேறுவதால் அல்லது ஒட்டிக்கொள்வதால், உறிஞ்சும் பரப்பு கெட்டு நீராகப் போகிறது.

ஒரு சோதனையில் ஒன்றும் இல்லை என்பது முடிவு ஆகாது. புழுவின் முட்டையும் ஒரணு உயிரிகளின் கூடுகளும் தினம் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி கொடுங்கள். ஒரு சுண்டுவிரல் நுனி அளவு, 3 கிராம் போதும். மண் ஒட்டாத பகுதியை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. நம் ஊர் வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போன மாதிரியில் முட்டை பொரித்துவிடும், சோதிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். பூனையால் கருவுக்கு ஆபத்து, கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். ஆறு வருடமாக வீட்டில் இருக்கிற பூனை.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒரணு உயிரியை. இந்த உயிரி ஆட்டிலும் கோழியிலும் மனிதரிலும் வாழும். முட்டை போன்ற கூடுகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான். லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை வேறொன்றாக மாற்றும் ஒரு நொதி பூனையின் குடலில் இல்லை. மிஞ்சிக் கிடக்கும் அந்த அமிலம்தான் கூடுகளை உண்டாக்க இந்த உயிரிக்குத் தேவை என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பூனையின் எதிர்ப்பு சக்தி இதில் கெட்டி. முதல் தொற்றில் ஒன்று இரண்டு வாரம் கூடுகளை வெளியேற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பிறகு பெரும்பாலும் வெளியேற்றுவதில்லை. ஆறு வயதுப் பூனை அந்தக் கட்டத்தைக் குட்டியிலேயே கடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெளியேறிய கூடு தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் வேண்டும். மணல் தட்டைத் தினமும் வேறு யாராவது எடுத்துப் போட்டுவிட்டால் போதும். மருமகள் தொட வேண்டாம், தோட்ட மண்ணைக் கிளறினால் கையுறை போடட்டும். கீரையை நன்றாக அலசுங்கள், கறியை வேகவைத்தே உண்ணுங்கள். பூனைக்கும் பச்சைக் குடலும் ஈரலும் போடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் அவருக்குத் தேவை என்று பட்டால் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் சோதித்துப் பார்ப்பார்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையில் கால்வாசி பூனைக்குக் கொடுக்கலாமா?
— வாசகர், முக்கூடல்

பதில்: கூடாது. பூனையில் அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணு உற்பத்தியைக் குறைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தும் வேண்டாம். அந்த அடர்த்தியில் ஒரு சொட்டுத் தவறினாலும் குட்டிக்கு அதிகம். பூனைக்கான மாத்திரையே கொடுத்தாலும், விழுங்கியதும் சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் மெதுவாக விடுங்கள். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.